மெஷினுக்கு ஏது காது

எங்கள் கடைவீதியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. டிக் அக்கா என்றால்தான் ஆளுக்குத் தெரியும். அவள் ஆன்லைன் சென்டர் வைத்திருக்கிறாள். பக்கத்துக் கடையில் நான் தையல் மெஷின் போட்டிருக்கிறேன். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு பிளைவுட் தடுப்பு மட்டும். அங்கே பேசுவதெல்லாம் இங்கே கேட்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு இவளுக்கு எப்படி இத்தனை தெரிந்தது என்று யாரும் என்னைக் குடையக் கூடாது.

படிவம் நிரப்புவதுதான் அவள் வேலை. பிறப்புச் சான்றிதழ், முகவரி மாற்றம், பள்ளிச் சேர்க்கை, கரண்ட் இணைப்பு என்று எதைக் கொண்டுபோனாலும் எதிரில் இருப்பவரைப் பார்த்துக்கொண்டே தட்டிவிடுவாள். எல்லாப் படிவத்திலும் கடைசியில் ஒரு சின்னச் சதுரம் வரும். 'மேற்கண்ட விதிமுறைகளைப் படித்தேன், ஒப்புக்கொள்கிறேன்.' அதில் டிக். ஒரு நாளைக்கு அறுபது எழுபது டிக். யாராவது விவரம் தெரிந்தவர், "விதியில என்னக்கா போட்டிருக்கு?" என்று கேட்டுவிட்டால் போதும். "படிச்சுட்டுத்தான் போடணும்னா நாளைக்கழிச்சு வாங்க. பின்னால பதினாறு பேர் நிக்கிறாங்க" என்பாள். அவரும் "சரி, போடுங்க" என்பார்.

எனக்கும் ஒருமுறை அப்படித்தான் எதற்கோ டிக் போட்டாள். அந்தப் புண்ணியத்தில் மூன்று வருடமாக என் போனுக்கு வழுக்கைத் தலைக்கு எண்ணெய் விளம்பரம் வந்துகொண்டிருக்கிறது. என் கூந்தலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இது எவ்வளவு பெரிய அநியாயம் என்று.

சென்டரில் ஒரு ரேகை மெஷினும் உண்டு. கட்டைவிரலை வைத்தால் பச்சை விளக்கு எரிய வேண்டும். சாயக்காரத் தெருவிலிருந்து வருகிறவர்களுக்கு மட்டும் சீக்கிரத்தில் எரியாது. தொட்டியில் ஊறி ஊறி ரேகை மழுங்கி, அதன்மேல் சாயம் வேறு படிந்திருக்கும். "மீண்டும் முயற்சிக்கவும்" என்று மெஷின் சொல்லிக்கொண்டே இருக்கும். இவள் ஈரத்துணியால் அந்த விரலைத் தேய்த்துத் தேய்த்து, "கையைக் கழுவிட்டு வரக் கூடாதா? என் வரிசையே நிக்குது!" என்று கத்துவாள். திட்டு வாங்குகிறவர்களில் பாதிப்பேர் அவள் சொந்தக்காரர்கள். ஏனென்றால் அவள் வாழ்க்கைப்பட்டதே அந்தத் தெருவில்தான்.

அந்தத் தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபத்தெட்டு வீடு, இருபத்தெட்டு வீட்டின் பின்பக்கமும் சாயத்தொட்டி. வேரை இடித்துப் பொடியாக்கி அதிலிருந்து ஒரு சிவப்பு எடுக்கிறார்கள். துணி கிழிந்து கந்தலாகும், நிறம் போகாது. யாரும் அதை விட்டுவிட்டு வேறு வேலைக்கு ஓடவில்லை. இன்றைக்கு ஆர்டர் கொடுத்தால் நான்கு மாதம் கழித்துத்தான் துணி கிடைக்கும், அவ்வளவு வேலை. நானே அவர்களிடம் துணி எடுத்துத் தைத்துத்தான் ஏதோ மரியாதையாக வாழ்கிறேன்.

சாயக் கலவை போடும் கை மட்டும் எல்லாருக்கும் கிடையாது. அது அந்தத் தெருவில் பிறந்தவர்களுக்கு மட்டும். கலவை போடும்போது கொட்டகைக் கதவைச் சாத்திவிடுவார்கள். வெளியாள் உள்ளே நிற்கக் கூடாது, கேட்கவும் கூடாது. வெளியாள் என்றால் என்னைப் போன்றவர்கள் மட்டுமல்ல. மருமகளாக வந்தவளும் வெளியாள்தான், அவளுக்கு நரை விழுந்தாலும். டிக் அக்கா வந்து இருபது வருடம் ஆகிறது. அவள் நாத்தனார், அதாவது வீட்டுக்காரரின் தங்கைதான் இன்றைக்குத் தெருவிலேயே நல்ல கலவைக் கை. அந்தக் கை மணிக்கட்டு வரை சிவந்திருக்கும். ஒரே தெரு, நான்கு வீடு தள்ளி. இரண்டு பேரும் ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிடுவார்கள், ஒருவர் துணியை ஒருவர் உடுத்துவார்கள். கொட்டகைக் கதவு மட்டும் இவள் மூஞ்சிக்கு நேராகச் சாத்தப்படும். இதைப் பற்றி அவள் ஒருநாளும் குறை சொன்னதில்லை. அதனால்தான் எனக்குத் தெரியும், அது அவளை எவ்வளவு உறுத்தியது என்று.

எங்கேயோ இருக்கிற ஒரு கம்பெனி, மெஷினில் அச்சடித்த சிவப்புத் துணியை 'சாயத்தெரு சிவப்பு' என்று பெயர் போட்டு விற்க ஆரம்பித்தது. இரண்டு சலவைக்கு ரோஸ் நிறமாகிவிடும் துணி அது. தெருவே கொதித்தது. பெயரையும் முறையையும் அரசாங்கத்தில் பதிவு செய்துவிட்டால் வேறு யாரும் அந்தப் பெயரைத் தொட முடியாது என்று சாயக்காரர் சங்கத்துக்கு யாரோ சொன்னார்கள். படிவம் வாங்கி வந்தார்கள். படிவம் என்றால் வேறு எங்கே போவார்கள்? டிக் அக்காவிடம்தான் வந்தார்கள்.

அதில் ஒரு பகுதி, 'செய்முறை விளக்கம், எழுத்தில்' என்று கேட்டது. அங்கேதான் சிக்கல். நாத்தனாருக்கு உட்கார்ந்து எழுதப் பொறுமை கிடையாது. சொன்னால் யாராவது எழுதலாம். ஆனால் சொல்வதைக் கேட்கக் கூடாதே.

டிக் அக்காதான் வழி கண்டுபிடித்தாள். தன் போனில் ரெக்கார்டரை ஓடவிட்டு நாத்தனார் கையில் கொடுத்தாள். நாத்தனார் அதைக் கொட்டகைக்குள் கொண்டுபோய் அலமாரியில் வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, வழக்கம்போலக் கலவை போட்டபடியே எல்லாவற்றையும் சொன்னாள். இவள் வெளியே நின்றாள். போன் திரும்பி வந்த பிறகும் இவள் அதைப் போட்டுக் கேட்கவில்லை. சத்தியமாகக் கேட்கவில்லை, அவள் அப்படிப்பட்டவள். குரலை எழுத்தாக்கித் தருகிற இலவச ஆப் ஒன்று இருந்தது. அதில் ஏற்றிவிட்டாள்.

"மனுஷக் காதுல விழக் கூடாதுன்னுதானே சொன்னாங்க? இது மெஷின்" என்றாள் என்னிடம், பெருமையாக.

சங்கத் தலைவரிடமும் கேட்டுத்தான் செய்தாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "மெஷினுக்கு ஏது காது? தாராளமா ஏத்து" என்று தீர்ப்புச் சொன்னார். நாத்தனாரும் சரி என்றாள். நான்கூட, அடடா, என்ன மூளை என்று மெச்சினேன். ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

எழுத்து வந்தது. பதினோரு பக்கம். பிரிண்டரிலிருந்து விழுந்த தாளைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், கவிழ்த்தபடியே கவருக்குள் போட்டு ஒட்டி நாத்தனாரிடம் கொடுத்துவிட்டாள். நாத்தனார் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். அவளும் படிக்கவில்லை. தனக்குத் தெரிந்ததைத் தானே எதற்குப் படிக்க வேண்டும்? படிவத்தில் அதை யார் பார்த்து எழுதுவது என்று சங்கத்தில் சண்டை மட்டும் நடந்துகொண்டிருந்தது. ஆப்பில் ஏற்றுவதற்கு முன் ஒரு சின்னச் சதுரம் வந்ததே, அதை மட்டும் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. நம் ஆள் கை பழக்கதோஷத்தில் டிக் போட்டிருந்தது.

மூன்று வாரம் கழித்து நூலகத்தில் ஒரு இலவச வகுப்பு வைத்தார்கள். போன், ஆப், செயற்கை நுண்ணறிவு, இவற்றிடம் ஏமாறாமல் இருப்பது எப்படி என்று சொல்லித்தர ஒரு பெண் வந்திருந்தாள். டிக் அக்கா போனது படிப்பதற்கு அல்ல. கடைசியில் சான்றிதழ் தருவார்கள், அதைச் சென்டரில் மாட்டலாம் என்று போனாள். அவளுக்குத் தெரியாத ஆப்பா? அந்த நினைப்பு.

அந்தப் பெண் மேடையெல்லாம் ஏறவில்லையாம். எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்து, "நீங்க கடைசியா எந்த ஆப்புல 'ஒப்புக்கொள்கிறேன்'னு சொன்னீங்களோ, அதைத் திறங்க. எதுக்கு ஒப்புக்கிட்டீங்கன்னு சத்தமா படிங்க" என்றாளாம். எல்லாரும் ஒவ்வொருவராகப் படித்துச் சிரித்திருக்கிறார்கள். இவள் முறை வந்தது. எழுந்து படித்தாள். 'நீங்கள் ஏற்றும் குரலையும் அதிலிருந்து பெறும் எழுத்தையும் எங்கள் செயற்கை நுண்ணறிவைப் பயிற்றுவிக்கவும், எங்கள் கூட்டாளி நிறுவனங்களுடன் பகிரவும் அனுமதி அளிக்கிறீர்கள்.'

படித்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாளாம்.

மத்தியானம் என் கடைக்கு வந்தாள். நான் ஒரு கழுத்துப் பட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். சான்றிதழ் கையில் சுருண்டு கிடந்தது. முகத்தில் ரத்தம் இல்லை.

"என்னக்கா, உடம்பு சரியில்லையா?"

"தெருவையே தூக்கிக் கொடுத்துட்டேண்டி."

விஷயத்தைச் சொன்னாள். எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. "மெஷின்தானேக்கா, கேட்டா கேட்டுட்டுப் போகுது" என்றேன்.

"அது கேட்டுட்டுச் சும்மா போகாதாம். கத்துக்குமாம். நாளைக்கு யாரோ ஒருத்தன் உக்காந்த இடத்துல 'அழியாத சிவப்பு எப்படிப் போடறது'ன்னு கேட்டா, நம்ம வீட்டு முறையை எடுத்து நீட்டினாலும் நீட்டுமாம். இது யார் வீட்டுதுன்னு ஒரு வார்த்தை சொல்லாதாம். அந்தப் பொண்ணு சொன்னா. கத்துக்கிட்டதுக்கப்புறம் மறக்கவைக்கிறது ரொம்பக் கஷ்டமாம்." பிறகு என் ஸ்டூலில் உட்கார்ந்தாள். "நான் கேட்டுடக் கூடாதுன்னு ஒளிச்சு ஒளிச்சு வச்சு, உலகத்துக்கே போட்டுக் காட்டிட்டேன்."

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அந்தச் சிவப்பு போனால் இருபத்தெட்டு வீடும் போச்சு. அதைவிட, இவள் போச்சு. இருபது வருடம் கதவுக்கு வெளியே நின்று சம்பாதித்த நல்ல பெயர் ஒரே டிக்கில் காலி.

அழுது பயனில்லை என்று அவளுக்கே தெரியும், படிவக்காரி அல்லவா. அந்த ஆப்பின் விதிமுறை முழுவதையும் பிரிண்ட் எடுத்தாள். முப்பத்து நான்கு பக்கம். சென்டர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, நான் ஒரு பாதி, அவள் ஒரு பாதி என்று பிரித்துக்கொண்டு படித்தோம். அவள் வாழ்க்கையில் முதல்முறையாக விதிமுறை படிக்கிறாள். என்ன பாஷையோ தெரியவில்லை, ஒவ்வொரு வாக்கியமும் கிளம்பின இடத்துக்கே திரும்பி வருகிறது. எனக்குத் தலை வலித்தது. இருபத்தேழாம் பக்கத்தில் அவள் விரல் நின்றது.

"ஏற்றிய முப்பது நாளுக்குள் நீக்கக் கோரினால், அந்தப் பதிவு பயிற்சியில் சேர்க்கப்படாது."

"இன்னிக்கு எத்தனாவது நாள்?" என்றேன்.

காலண்டரைப் பார்த்துக்கூட எண்ணவில்லை, வழியிலேயே எண்ணி வைத்திருந்தாள். "இருபத்து மூணு."

நீக்கக் கோரும் படிவத்தைத் திறந்தாள். எதை நீக்க வேண்டும், ஏன், யாருக்குச் சொந்தம் என்று எழுதினாள். 'இது ஒரு தெருவின் முறை, என்னுடையது அல்ல, இதைத் தர எனக்கு உரிமை இல்லை' என்று எழுதிவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். கடைசியில் பார்த்தால், அதே சின்னச் சதுரம்! 'மேற்கண்டவற்றைப் படித்தேன், ஒப்புக்கொள்கிறேன்.' நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. மூன்று தடவை மேலிருந்து கீழே படித்த பிறகுதான் டிக் போட்டாள்.

பதில் வர நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாளும் அவளைப் பார்க்கச் சகிக்கவில்லை. சோறு இறங்கவில்லை. மெயிலைத் திறந்து திறந்து பார்ப்பாள். சென்டருக்கு வந்த ஒரு பெரியவர் பாவம், "எனக்கு வந்துடுச்சாம்மா?" என்று அவர் படிவத்தைப் பற்றிக் கேட்டார். "எனக்கே வரலை, உங்களுக்கு எங்க?" என்று எரிந்து விழுந்தாள்.

ஐந்தாம் நாள் காலையில் தடுப்புக்கு அந்தப் பக்கம் நாற்காலி கீழே விழுகிற சத்தம் கேட்டது. நான் ஓடினேன். அவள் எழுந்து நின்று திரையைக் காட்டினாள். குரலும் எழுத்தும் நீக்கப்பட்டன, பயிற்சியில் சேர்க்கப்படவில்லை, யாருடனும் பகிரப்படவில்லை என்று மூன்று வரி. போன உயிர் திரும்பி வந்தது எங்கள் இரண்டு பேருக்கும். டீ வாங்கிக் குடித்தோம். நான்கு நாள் சாப்பிடாததற்குச் சேர்த்து நான்கு பன் தின்றாள்.

தின்று முடித்துவிட்டு, "இன்னிக்குச் சாயந்திரம் போய்ச் சொல்லிடப்போறேன்" என்றாள்.

"யார்கிட்ட? என்னத்த?"

"நாத்தனார்கிட்ட."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உனக்கு என்ன பைத்தியமா? எல்லாம் முடிஞ்சுபோச்சு, ஒருத்தருக்கும் தெரியாது. போய் வாயைக் கொடுத்து மாட்டிக்கப்போறியா? பேசாம இரு."

"தொலைஞ்சது அவ பொருள். கிடைச்சுடுச்சுன்னாலும், தொலைஞ்சிருந்துச்சுன்னு அவளுக்குத் தெரியணும். மெயில்ல மூணு வரி எழுதியிருக்கான். அதை நம்பறதா வேணாமான்னு அவதான் முடிவு பண்ணணும், நான் இல்ல" என்றாள். "நீயும் வா. தனியா போக பயமா இருக்கு."

என் புத்தி குறுக்குப் புத்திதான், ஒப்புக்கொள்கிறேன். அவளுடையது நேர்.

போனோம். நாத்தனார் கொட்டகைக்கு வெளியே பிழிந்த துணியைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். அக்கா ஒரு வார்த்தை மறைக்கவில்லை. டிக் போட்டது, வகுப்பில் தெரிந்தது, நீக்கியது எல்லாவற்றையும் சொன்னாள். நாத்தனார் துணியைப் போட்டு முடித்தாள். கிளிப்பை ஒவ்வொன்றாக மாட்டினாள். எனக்கு அங்கேயிருந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

"எத்தனை நாள் அங்க கிடந்துச்சு?"

"இருபத்து மூணு நாள். அப்புறம் பதில் வர நாலு நாள்."

"நீங்களே போட்டுக் கேட்டு எழுதியிருந்தாக்கூட எனக்கு இவ்வளவு வருத்தம் இருந்திருக்காது அண்ணி. நம்ம வீட்டு ஆள்தானே கேட்டதுன்னு விட்டிருப்பேன்."

டிக் அக்காவுக்கு முகம் சிவந்தது. இத்தனை வருடத்தில் அவள் நாத்தனாரிடம் குரல் உயர்த்தி நான் பார்த்தது அன்றைக்குத்தான். "நம்ம வீட்டு ஆளா? இதை இப்பத்தான் சொல்ற. இருபது வருஷமா அந்தக் கதவுக்கு வெளிய நிக்கிறேன். ஒருநாள் சொல்லியிருந்தா நான் ஏன் மெஷின்கிட்ட போறேன்?"

நாத்தனார் கையிலிருந்த கிளிப்பைக் கீழே போட்டாள். விறுவிறுவென்று வீட்டுக்குள் போனாள். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. கவரோடு வந்து, ஒட்டியிருந்ததைக் கிழித்து, தாளை என்னிடம் நீட்டினாள்.

"வாசி. என்ன போச்சுன்னு நான் கேக்கணும்."

"நான் வெளியாளாச்சே!"

"உலகமே கேட்டுச்சோ என்னவோன்னு சொல்றீங்க. நீ ஒருத்தி கேட்டா என்ன குறைஞ்சுடப்போகுது? அண்ணி வாசிச்சா அழுதுகிட்டே வாசிப்பாங்க, ஒண்ணும் விளங்காது. வாசி."

துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து வாசித்தேன். முதல் வரி, 'கதவு சரியா சாத்தியிருக்கான்னு பார்ப்போம்.' இரண்டாவது வரி, 'ஓடுதா இது? சிவப்பா ஏதோ எரியுது.' பிறகு செய்முறை ஆரம்பித்தது.

"'முதல்ல வேர்ப்பொடி. எவ்வளவுன்னா, இவ்வளவு.'"

நிமிர்ந்து பார்த்தேன். நாத்தனார் தன்னை அறியாமல் வலது உள்ளங்கையைக் குழித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"மேல வாசி."

"'தண்ணி இதுவரைக்கும். இதுக்கு மேல போனா நிறம் நிக்காது. சூடு இப்படி இருக்கணும். இப்படி இருந்தா பத்தாது. இப்படி.'"

நாத்தனாரின் கை காற்றில் ஒரு தண்ணீரைத் தொட்டது, எடுத்தது, மறுபடி தொட்டது.

"'படிகாரத்தை இடிச்சு, இந்த விரலும் இந்த விரலும் சேர்த்து, இத்தனை தடவை. அப்புறம் துணியை இப்படி விட்டு, இப்படித் திருப்பி, இப்படி. நிறம் இது வரணும். இது வந்துட்டா இறக்கிடு. இது வந்துச்சுன்னா போச்சு, தலையில கை வச்சுக்க வேண்டியதுதான்.'"

நான் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் இதேதான். இவ்வளவு, இப்படி, இத்தனை, இதுவரைக்கும். ஒரு எண் கிடையாது. ஒரு அளவு கிடையாது. எல்லாம் அவள் கையில் இருந்தது. கைதான் சொன்னது, வாய் பக்கத்தில் நின்று 'ஆமாம்' போட்டது. மெஷினுக்குக் காது இருந்தது, கண் இல்லை.

முதலில் சிரித்தது நாத்தனார்தான். துணிக்கல்லின் மறுமுனையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். டிக் அக்கா சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை, அவளுக்கே தெரிந்திருக்காது. மூக்கைச் சிந்திக்கொண்டே, "இதுக்கா நாலு நாள் பட்டினி கிடந்தேன்" என்றாள். நானும் சேர்ந்து சிரித்துக்கொண்டே எட்டாம் பக்கத்தை எடுத்தேன். எடுத்திருக்கக் கூடாது.

"'இந்தத் தையல்காரி தச்ச ரவிக்கை கையைத் தூக்கவே விட மாட்டேங்குது. அளவு எடுக்கத் தெரியுதா அவளுக்கு?'"

சிரிப்பு சட்டென்று நின்றது. நாத்தனார் கொடியிலிருந்த துணியைச் சரிசெய்வதுபோல எழுந்தாள். பதினோரு பக்கத்தில் ஒரு அளவும் சொல்லாதவள் என் அளவைக் குறை சொல்கிறாள். நான் அதை மறக்கவில்லை, இன்னும்.

கடைசித் தாளில் 'சுருக்கம்' என்று தலைப்புப் போட்டு அந்த ஆப் தன் பங்குக்கு எழுதியிருந்தது. "'வேர்ப்பொடி இரண்டு தேக்கரண்டி, தண்ணீர் ஒரு லிட்டர். நூறு டிகிரியில் முப்பது நிமிடம் நன்றாகக் கொதிக்க வைக்கவும்.'"

"யாரு சொன்னா ரெண்டு ஸ்பூன்னு?" நாத்தனாருக்கு இப்போதுதான் உண்மையான கோபம் வந்தது. "நான் சொன்னேனா? கொதிக்க விட்டா செங்கல் நிறம்தான் வரும். தெரியலைன்னா தெரியலைன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"அதுக்கு அந்தப் பழக்கமே கிடையாதாம். தெரியாத இடத்தைத் தானே இட்டுக்கட்டி நிரப்பிடுமாம், அதுவும் ரொம்பத் தெரிஞ்ச மாதிரி" என்றாள் டிக் அக்கா. வகுப்பில் கேட்டது.

"நம்ம சங்கத் தலைவர் மாதிரின்னு சொல்லுங்க."

மறுபடி சிரித்தோம். சிரித்து ஓய்ந்த பிறகு நாத்தனார் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வீடியோவா எடுத்திருந்தா?" என்றாள் மெதுவாக.

"முதல்ல வீடியோதான் எடுக்கச் சொன்னேன். நீதான் தலை கலைஞ்சிருக்கு, முகத்தைக் காட்ட மாட்டேன்னே."

நாத்தனார் தன் தலையை ஒருமுறை தடவிக்கொடுத்தாள். தப்பித்தது புத்தியால் அல்ல என்று மூன்று பேருக்கும் தெரிந்தது. அந்த நிம்மதி இருக்கிறதே, அதில் கொஞ்சம் குளிரும் இருந்தது.

அதற்கப்புறம் காரியங்கள் ஒழுங்காக நடந்தன. அந்த வகுப்புப் பெண்ணைச் சாயக்காரத் தெருவுக்கே அழைத்து வந்தார்கள். படிவத்தில் நிறத்தின் தன்மை, வேர் விளையும் மண், துணி எத்தனை நாள் தொட்டியில் கிடக்கிறது என்று வெளியே தெரிகிற விஷயங்களை எழுதினால் போதும், கைப்பக்குவத்தை அளந்து கொடுக்க வேண்டியதில்லை என்று படிவத்தின் குறிப்பிலேயே இருந்தது. ஒன்பதாம் பக்கத்தில். யாரும் படிக்கவில்லை, அவ்வளவுதான். எந்த ஆப் என்று பெயர் எழுதிக்கொடுத்து, தெருக் கூட்டத்தில் கேட்டு, எல்லாரும் சரி என்ற பிறகுதான் தெருவின் சமாச்சாரம் எதையும் எதிலும் ஏற்றலாம் என்று சங்கத்தில் முடிவானது. கலவை போடுவதை ஒருமுறை வீடியோவும் எடுத்தார்கள். சிம் இல்லாத, நெட் இல்லாத ஒரு பழைய போனில் எடுத்து, சங்க அலமாரியில் இரண்டு பூட்டுப் போட்டு வைத்தார்கள். நாத்தனார் அன்றைக்குத் தலையை வாரிப் பூ வைத்திருந்தாள். தலைவர் மட்டும் இன்னமும் மெஷினுக்குக் காது இல்லை என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார். வயதானவர், விட்டுவிட்டோம்.

டிக் அக்காதான் கெட்டுப்போனாள். இப்போதெல்லாம் அந்தச் சதுரம் வந்ததும் நிறுத்திவிடுகிறாள். "இதைக் கேளுங்க, உங்க போட்டோவை விளம்பரத்துக்கு எடுத்துப்பாங்களாம். சரியா? சரின்னா சொல்லுங்க, நான் போடறேன்." ஒவ்வொருவருக்கும் வாசித்துக் காட்டுகிறாள். வரிசை என் கடை வாசலைத் தாண்டி நிற்கிறது. என் வாடிக்கையாளர்கள் உள்ளே வர வழியில்லை. சண்டை போட்டேன். "உன் வழுக்கை எண்ணெயை முதல்ல நிறுத்தறேன் வா" என்று போனைப் பிடுங்கி நிறுத்திக்கொடுத்தாள். அதோடு சண்டையை விட்டுவிட்டேன்.

விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று ரசீது வந்த அன்று மத்தியானம் நாத்தனார் சென்டருக்கு வந்தாள். உட்காரவில்லை. "நாளைக்குக் காலையில கடையைத் திறக்காதீங்க அண்ணி. வேலை இருக்கு. பழைய சேலையா பார்த்துக் கட்டிக்கிட்டு வாங்க" என்றாள். சொன்ன கையோடு போய்விட்டாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் அக்கா உடனே வீட்டுக்குப் போன் போட்டு, பழைய சேலையை எடுத்து வைக்கச் சொன்னாள்.

மறுநாள் நான் துணி எடுக்கப் போகிற சாக்கில் அந்தத் தெருவுக்குப் போனேன். சாக்குதான், மறைப்பானேன். கொட்டகைக் கதவு சாத்தியிருந்தது. டிக் அக்காவின் வீட்டுக்காரர் வெளியே உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கதவைக் காட்டிப் புருவத்தை உயர்த்தினார். உள்ளேயிருந்து நாத்தனார் குரல் கேட்டது. "கையை நீட்டுங்க. இன்னும் குழிங்க. ஆங், இவ்வளவு." நான் திரும்பி வந்துவிட்டேன். அதற்கு மேல் அங்கே நிற்பது முறையில்லை.

அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்கு அக்கா சென்டரைத் திறந்தாள். அரசாங்கத் தளத்தைத் திறக்க வேண்டுமானால் முதலில் அவள் ரேகையைத்தான் வைக்க வேண்டும். வெளியே வரிசை நின்றது. நான் என் தையல் மெஷினில் நூல் பாபின் மாட்டிக்கொண்டிருந்தேன்.

"மீண்டும் முயற்சிக்கவும்" என்றது மெஷின்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதேதான். ஈரத்துணியால் தேய்க்கிற சத்தம். மூன்றாவது தடவை. நான்காவது தடவை.

தடுப்பைச் சுற்றிக்கொண்டு என் கடைக்கு வந்தாள். கட்டைவிரலை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். நகக்கண் வரைக்கும் சிவப்பு.

"பதிய மாட்டேங்குதுடி" என்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் பாட்டுக்கு வழிந்தது, முகமெல்லாம் சிரிப்பு. விரலை மடக்கவும் மனசில்லாமல் அப்படியே நீட்டிக்கொண்டு நின்றாள்.

அவளை என் ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு நானே வெளியே போனேன். "அக்காவுக்கு இன்னிக்கு ரேகை விழாது. சாயக்காரத் தெருக்காரங்க கதை உங்களுக்குத் தெரியாதா? நாளைக்கு வாங்க" என்று வரிசையைக் கலைத்தேன்.